ஜமீனுக்கு நாலரைக் கிலோ குறைச்சல்

பாலசுந்தரத்தின் கண்ணுக்குத் தப்பி நகரியில் பத்து கிராம் நூல்கூட வெளியே போனதில்லை என்று சொல்வார்கள். அது உண்மையில்லை. இரண்டு முறை போயிருக்கிறது. இரண்டு முறையும் எந்தத் தேதி, எத்தனை கிராம், எடுத்தது யார் என்பது அவருக்குத் தெரியும். வெளியே சொன்னதில்லை.

அவருக்கு இப்போது வயது அறுபத்தொன்று. தமிழும் தெலுங்கும் பேசும் அந்த ஆந்திர எல்லை ஊரில், விசைத்தறி முதலாளி ஒருவரின் நூல் கிடங்கில் முப்பத்தோரு வருடமாக எடை பார்க்கும் வேலை. காலையில் நூலை எடை போட்டுத் தறிக்காரர்களுக்குக் கொடுப்பார். நெய்து முடித்த துணியை எடை போட்டுத் திரும்ப வாங்குவார். நூறு கிலோ நூல் போனால், சேதாரம் இரண்டு கிலோ கழித்துத் தொண்ணூற்றெட்டு கிலோ துணி வந்து சேரவேண்டும். வரவில்லையென்றால் நோட்டில் ‘குறைச்சல்’ என்று எழுதி, எத்தனை கிலோ என்று போட்டு, நெய்தவரிடம் அதன் கீழே கையெழுத்து வாங்குவது வழக்கம். அந்தக் கையெழுத்தைப் போட்டவன் அன்றைக்குத் தெரு வழியே வீட்டுக்குப் போகமாட்டான், ஏரிக்கரை வழியே சுற்றிக்கொண்டு போவான்.

எடை கூடினால் இன்னும் மோசம். கூடுதல் என்றால் ஈரம். நூலை எடுத்துக்கொண்டு, எடையைச் சரிக்கட்டத் துணியில் தண்ணீர் தெளித்தவன், பயத்தில் ஒரு கை அதிகமாகத் தெளித்துவிட்டான் என்று பொருள். பாலசுந்தரம் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனாலும் தராசில் வைக்காமல் எதையும் எழுதமாட்டார். கையை நம்பினால் கணக்கு கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி.

கிடங்கில் பழகிய புத்தி வீட்டு வாசலில் செருப்போடு கழன்று விழுவதில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் கொண்டுவந்த ஆளை நிறுத்திவைத்து எடை போடுவார். பாலை மானி வைத்துப் பார்ப்பார். திருச்சானூர்க் கோயிலுக்குப் போனால், செருப்பு வைத்த இடத்தில் கொடுத்த டோக்கன் எண்ணை உள்ளங்கையிலும் எழுதிக்கொள்வார், டோக்கனை யாராவது மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று. மனைவி இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அந்த அம்மாள் இருந்த காலத்தில், “சாமிக்கே ரசீது கேப்பாரு இந்த மனுசன்” என்று சிரிப்பாளாம்.

ஒரே மகள் ஹரிதா. ரேணிகுண்டாவில் செல்போன் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே விடுதியில் தங்கல், வாரக் கடைசியில் நகரிக்கு வருவாள். 2024 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை, ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினாள். பெட்டிக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு லேப்ரடார் குட்டி. பிறந்து அறுபது நாள். பெட்டியை விட்டு வெளியே வந்த குட்டி, கூடத்தில் கிடந்த ஒரே நாற்காலிக்கு அடியில் போய்க் காலை நீட்டிப் படுத்து, வீட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

“ஜமீன்தார் மாரி பாக்குது பாரு” என்றாள் ஹரிதா. அன்றே ஜமீன் என்று பெயர் ஆயிற்று.

“இத்த எதுக்கும்மா எடுத்துக்கினு வந்த?”

“ஒனக்குத் தொணையா இருக்கட்டும் நைனா. எங்க ஆபீஸ்ல யஸ்வந்த்துன்னு ஒருத்தர், புத்தூர்க்காரரு. ஒரே ஈத்துல அவரு ஒண்ணு எடுத்துக்கினாரு, நான் ஒண்ணு எடுத்துக்கினேன்.”

“எனக்குத் தொணையா, வேலையா?”

“ரெண்டுந்தான்.”

பாலசுந்தரம் கிடங்கில் கழித்துப் போட்டதென்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த மேடைத் தராசைத் துடைத்து, ஐந்து கிலோ இரும்புக் கல்லை வைத்துச் சரிபார்த்து, பிளாஸ்டிக் கூடையில் குட்டியை வைத்து எடை போட்டார். கூடை கழித்து ஐந்து கிலோ நூற்றைம்பது கிராம். புதிய நோட்டில் முதல் வரி அதுதான். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் காலை ஆறரை மணிக்கு, வயிறு காலியாக இருக்கும்போது, எடை.

பகலில் குட்டிக்கு யார் சோறு வைப்பது என்பது கேள்வி. பாலசுந்தரம் எட்டு மணிக்குக் கிடங்குக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவார். பக்கத்துத் தெரு தாட்சாயணி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஹரிதாவின் அம்மாவோடு கூடப் பழகியவள். ஐம்பதைத் தாண்டியவள், வீட்டிலேயே மிஷின் வைத்து, தறி நாடாவுக்குள் போகும் நூல் குச்சியான தார் சுற்றிக்கொடுப்பாள். மின்சாரம் நிற்கும் நேரத்தில் அவளுக்குக் கை சும்மா இருக்காது. காலை வேளைத் தீனியைப் பாலசுந்தரம் வைப்பது, மதியமும் சாயங்காலமும் தாட்சாயணி வைப்பது என்று ஏற்பாடு. பொட்டலத் தீனியைப் பெரிய தகர டப்பாவில் கொட்டி, அளவுக்கு ஒரு கப்பையும் கொடுத்தார். வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போது மட்டும் அதன் நகலைத் தன்னிடம் வைத்திருப்பதை இரண்டு முறை சொன்னார்.

ஏப்ரல் மாதம் தடுப்பூசி. அன்றைக்கு ஹரிதாவுக்கு ஷிப்ட், பாலசுந்தரத்துக்கு லோடு வந்த நாள். தாட்சாயணியே குட்டியை ஷேர் ஆட்டோவில் வைத்துக்கொண்டு நகரி டாக்டர் ரேஷ்மாவிடம் போய்வந்தாள். சாயங்காலம் வந்து சொன்னாள்:

“அண்ணா, இது பெரிய சாதி நாயாம். வளர்ற வயசுல கொழுக்க விடக்கூடாதாம். ஒடம்பு சீக்கிரமா ஏறிட்டா எலும்பு தாங்காதாம். மெதுவா வளரட்டும், எலும்பு கைக்குத் தட்டுப்படணும்னாங்க.”

“டாக்டர் தராசுல வெச்சிப் பாத்தாங்களா?”

“இல்ல, கையால தடவித்தான் பாத்தாங்க.”

“கையால தடவினா எட தெரியுமா?”

தாட்சாயணி இடது கையை நீட்டி, புறங்கையை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். வலது கை விரல்களால் அதன் மேல் மெல்லத் தடவிக் காண்பித்தாள். “இந்த மாரி இருக்கணுமாம்” என்றாள். பாலசுந்தரத்துக்கு அது எதுவும் விளங்கவில்லை. தராசு இல்லாத டாக்டர் என்ன டாக்டர் என்று மட்டும் நினைத்தார். எலும்பு தெரியவேண்டும் என்று எந்த டாக்டராவது சொல்வாரா என்பதும் அப்போதே மனதில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தது.

மே 5, ஞாயிறு. ஹரிதா அழைத்ததால், ஜமீனின் உடன்பிறப்பைப் பார்க்கப் புத்தூருக்கு யஸ்வந்த் வீட்டுக்குப் போனார்கள். அந்தக் குட்டி வாசலில் படுத்திருந்தது. உருண்டு திரண்டு, தோல் பளபளவென்று, பார்த்தவர் கை வைக்காமல் போகமாட்டார்கள் என்பது போல. யஸ்வந்த் குளியலறைத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு தான் மட்டும் நின்று, கழித்துச் சொன்னான். பதினெட்டு கிலோ நூறு.

பாலசுந்தரம் அன்று காலை ஜமீனுக்கு எழுதியது பதின்மூன்று கிலோ அறுநூறு.

“ஒங்க குட்டிக்கு யாரு அங்கிள் சோறு வெக்கறாங்க?” என்று யஸ்வந்த் கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். “துன்றது ஒடம்புல ஒட்டலியே.”

திரும்பும்போது பஸ்ஸில் பாலசுந்தரம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். ஒரே தாய், ஒரே நாள், ஒரே கம்பெனித் தீனி. ஒரே லாட்டு நூலை இரண்டு தறிக்குக் கொடுத்து, ஒரு தறியிலிருந்து துணி முழுசாகவும் இன்னொன்றிலிருந்து நாலரைக் கிலோ குறைவாகவும் வந்தால் வேறு கேள்வி எதுவும் மிச்சமில்லை. நூல் எங்கே போயிற்று என்பது ஒன்றுதான் கேள்வி. நாராயணவனம் கூட்டுரோடு தாண்டும்போது அவருக்குத் தாட்சாயணியின் கோழிகள் ஞாபகம் வந்தன. ஐந்து கோழி. கொஞ்ச நாளாக மினுமினுப்பாக இருந்தன.

மறுநாள் முதல் ஆறு நாள் அவர் செய்ததை ஹரிதாவுக்குக்கூடச் சொல்லவில்லை. காலையில் தான் வைக்கும் தீனியை வைத்தபின் தகர டப்பாவை எடை போட்டுவிட்டுக் கிளம்புவார். சாயங்காலம் தாட்சாயணி போனபின் மறுபடி எடை. அவள் வைக்கவேண்டியது இரண்டு வேளைக்கு நூற்றிருபது நூற்றிருபதாக இருநூற்று நாற்பது கிராம். டப்பா முந்நூறு, முந்நூற்றைம்பது குறைந்திருக்கும், பிடித்துவிடலாம் என்று இருந்தார்.

திங்கள் சாயங்காலம் டப்பா நூற்றுத் தொண்ணூறு கிராம்தான் குறைந்திருந்தது.

தராசில் இரும்புக் கல்லை வைத்துப் பார்த்தார். தராசு சரி. செவ்வாய் நூற்றெண்பத்தைந்து. புதன் நூற்றுத் தொண்ணூறு. எடுக்கவேண்டிய அளவைவிட டப்பாவில் தினமும் ஐம்பது கிராம் அதிகமாக இருக்கிறது.

முப்பத்தோரு வருடத்தில் கூடுதல் என்பதற்கு அவர் அறிந்த அர்த்தம் ஒன்றே ஒன்று. அன்று சாயங்காலமே கதவைத் தாழிட்டு, பழைய வேட்டியைத் தரையில் விரித்து, டப்பாவை அதில் கவிழ்த்தார். தவிடு கலந்திருக்கிறாளா என்று சலித்தார். ஈரம் தெளித்திருக்கிறாளா என்று ஒரு கை அள்ளிக் கன்னத்தில் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜமீன், அவர் முகத்தில் ஒட்டிய தூளை நக்கியது. தவிடும் இல்லை, ஈரமும் இல்லை. தீனி தீனியாகவே இருந்தது.

அடுத்த நாள் தாட்சாயணி வீட்டுப் பக்கம் போய், தெருவில் மேய்ந்த கோழி ஒன்றைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். சாதாரணக் கோழி கனம்தான்.

“இன்னா அண்ணா, கோயி வேணுமா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இல்ல, ரோட்டுல நின்னுக்கினு இருந்துச்சி.”

“கோயி ரோட்டுலதான் நிக்கும்.”

சனிக்கிழமை காலையில் கிடங்கில் நூல் கோன்களை எண்ணும்போதுதான் அவருக்கு விளங்கியது, விளங்கியதாக அவர் நினைத்தார். தறிக்காரர்களில் சில பேர் தினமும் எடுக்கமாட்டார்கள். கோன் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நூலை விட்டுவைத்து, தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவார்கள். தினமும் எடை போடுகிறவனுக்கு அது கூடுதலாகத்தான் தெரியும். தாட்சாயணி குட்டியின் வயிற்றைக் கட்டி, டப்பாவில் சேர்த்துவைக்கிறாள். ஒரு நாள் டப்பாவோடு போகும்.

மே 12, ஞாயிறு காலை. ஜமீன் பதினாலு கிலோ முந்நூறு. பத்து மணிக்குத் தாட்சாயணியைக் கூப்பிட்டனுப்பினார். ஹரிதாவும் இருந்தாள். மேஜை மேல் நோட்டு, அதன் மேல் பேனா.

“மதியம் எவ்ளோ வெக்கற?”

“கப்புல முக்காலு.”

“நான் சொன்னது?”

“முழுக் கப்பு. டாக்டர் அம்மா கொறைக்கச் சொன்னாங்க. நான் தெனம் தடவிப் பாத்துக்கினுதான் வெக்கறேன் அண்ணா. எலும்பு கைக்கு மறைஞ்சா கொஞ்சம் கொறைப்பேன், தூக்கிக்கினா கொஞ்சம் சேப்பேன்.”

“அதே ஈத்து, புத்தூர்ல பதினெட்டு. இங்க பதிமூணரை. பாக்கி எங்க?”

தாட்சாயணிக்குக் கேள்வி புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தபின் அவள் ஹரிதாவைப் பார்த்தாள்.

“நைனா, இன்னா பேச்சு இது?” என்றாள் ஹரிதா. “ஒரு தரம் நீயே டாக்டர்கிட்டப் போய்க் கேளேன்.”

“தராசு இல்லாத டாக்டர்கிட்ட எதுக்கு?” நோட்டைத் திருப்பித் தாட்சாயணி பக்கம் நகர்த்தினார். அதில் எழுதியிருந்தது: ‘5.5.2024. ஜமீன். குறைச்சல் 4 கிலோ 500.’ கீழே கோடு போட்டு இடம் விட்டிருந்தது.

தறி வேலை செய்கிற ஊரில் அந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்று யாருக்கும் சொல்லித் தரவேண்டாம். தாட்சாயணியின் புருஷன் தறிக்காரன். இருபது வருடம் நெய்தவன், பாலசுந்தரத்தின் நோட்டில் ஒரு தடவைகூட அந்த இடத்தில் கையெழுத்துப் போடாமல் செத்துப்போனவன். அவள் பேனாவை எடுத்தாள். தெலுங்கில் பெயரை எழுதினாள், பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து அதுதான். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நோட்டின் மேல் வைத்தாள். பிறகு குனிந்து ஜமீனின் விலாவில் ஒரு தடவை கையை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்கால ரயிலுக்கு ஹரிதா அப்பாவிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினாள். வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்: “அந்த நாய்க்கு எதுனா ஆனா நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்.”

ஆகக்கூடாது என்றுதான் பாலசுந்தரமும் இருந்தார். மதியத்தில் சைக்கிளில் வீட்டுக்கு வந்து தானே தீனி வைத்தார். தினம் அறுநூறு கிராம். அதற்கு மேல் இரண்டு முட்டை, ராகிக் கூழ், தயிர்ச்சோறு. எலும்பு பலப்பட மருந்துக்கடையில் கேட்டுச் சுண்ணாம்புச் சத்து மருந்து, வேளைக்கு இரண்டு மூடி. நோட்டு சொன்னது: மே 19, பதினைந்து எழுநூறு. மே 26, பதினேழு ஐந்நூறு. ஜூன் 2, பத்தொன்பது நானூறு. ஜூன் 9, இருபத்தொன்று முந்நூறு. கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதினார். கள்வன் போனபின் எடை ஏறுகிறது, இதைவிட வேறு சாட்சி எதற்கு? ஞாயிறுதோறும் ஹரிதாவுக்குப் போனில் எண்ணை மட்டும் அனுப்பினார். அவளிடமிருந்து பதில் வரவில்லை.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். “நாயா கன்னுக்குட்டியா?” என்றார் அப்பாவு, கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். பாலசுந்தரத்துக்கு அது இனிப்பாக இருந்தது.

ஜூன் 12, புதன் காலை, ஜமீன் நாற்காலிக்கு அடியிலிருந்து எழுந்து வரவில்லை. கூப்பிட்டதும் எழுந்தது, இடது முன்காலைத் தரையில் வைத்தது, உடனே எடுத்துக்கொண்டது. மூன்று காலில் நின்று வாலை ஆட்டியது. பாலசுந்தரம் பாதத்தைப் பிடித்து முள் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. யாராவது அடித்திருப்பார்களா? வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். தாட்சாயணி வீட்டுத் தார் மிஷின் சத்தம் எப்போதும் போலக் கேட்டது. அவளாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு வீட்டுச் சாவி இரண்டும் தன் இடுப்பில்தான் இருப்பது தெரிந்து, அந்த எண்ணத்தை விடவேண்டியதாயிற்று.

டாக்டர் ரேஷ்மாவிடம் போகவில்லை. ஆட்டோ பேசிக்கொண்டு மறுநாள் விடியற்காலையில் நேரே திருப்பதிக்கு, கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே மேடைத் தராசு இருந்தது. நாயை ஏற்றுமுன் அவர் ஏறி நின்றார். ஐம்பத்தெட்டு நானூறு. வீட்டில் அன்று காலை பார்த்ததும் அதேதான். திருப்தியாக இறங்கி ஜமீனை ஏற்றினார். இருபத்தொன்று அறுநூறு.

தலை நரைத்த டாக்டர், தெலுங்கு பேசுகிறவர், எண்ணைப் பார்த்தார். நாயை நடக்கவிட்டு முன்னாலும் பின்னாலும் பார்த்தார். பிறகு மண்டியிட்டு இரண்டு கையாலும் விலாவைத் தடவினார். பாலசுந்தரத்துக்குச் சுருக்கென்றது. இவரும் கையா?

“பெத்தாயனா, ஏமி பெடுதுன்னாரு?” பெரியவரே, என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டார் டாக்டர்.

பாலசுந்தரம் நோட்டை எடுத்து நீட்டினார். டாக்டர் பக்கத்தைப் புரட்டினார். மே 12 வரைக்கும் வந்து, விரலை வைத்து நிறுத்தினார்.

“இது வரைக்கும் யாரு வளத்தது?”

“பக்கத்துத் தெருப் பொம்பள.”

“நல்லா வளத்திருக்காங்க. அப்புறம்?”

“அப்புறம் நான்.” சொல்லிவிட்டு உடனே சேர்த்தார், “இதோட கூடப் பொறந்தது இத விட நாலரைக் கிலோ அதிகமா இருந்துச்சி சார். இது மெலிவா இருந்துச்சி.”

“மெலிவுன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் டாக்டர், தெலுங்கும் தமிழும் கலந்து. “இந்த சாதிக்கு ஒரே வயசுல ஒண்ணு பதினாலு இருக்கும், ஒண்ணு பதினாறு இருக்கும், ரெண்டும் சரியா இருக்கும். எண்ண மட்டும் பாத்தா தெரியாது. மேல இருந்து பாத்தா இடுப்பு உள்ள வாங்கியிருக்கணும். பக்கவாட்டுல வயிறு மேல ஏறியிருக்கணும். அப்புறம் கை.” அவர் முஷ்டியை மூடி விரல்முட்டிகளைக் காட்டினார். “தடவினா எலும்பு இப்பிடித் துருத்தினா மெலிவு.” உள்ளங்கையைத் திருப்பினார். “இப்பிடி மெத்துன்னு இருந்தா கொழுப்பு.” பிறகு இடது கையை நீட்டி, புறங்கையை அவர் முகத்துக்கு நேரே காட்டி, வலது கை விரல்களால் அதன் மேல் மெல்லத் தடவினார். “இப்பிடி இருக்கணும். கண்ணுக்குத் தெரியக்கூடாது, விரலுக்குத் தட்டுப்படணும்.”

பாலசுந்தரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், இரண்டு ஊரில், இரண்டு மாத இடைவெளியில், விரல் அசைவு மாறாமல் ஒரே சாட்சியம் சொல்கிறார்கள். பேசிவைத்துக்கொண்டு சொல்ல வழியே இல்லை. கிடங்கில் இப்படி இரண்டு சாட்சி கிடைத்தால் அவர் அதோடு விசாரணையை முடித்துவிடுவார்.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பின் வளர்கிற முனையில் வீக்கம். முன்காலுக்குத் தாங்கமுடியாத பாரம், அதன் மேல் தேவையில்லாத சுண்ணாம்புச் சத்து. “இன்னும் ரெண்டு மாசம் இப்பிடியே போயிருந்தா கால் கோணியிருக்கும்” என்றார் டாக்டர். “இப்பவும் நேராயிடும்னு எழுதிக் குடுக்கமாட்டேன். ஆறு வாரம் பாக்கலாம். மருந்துத் தண்ணி, முட்டை எல்லாம் நிறுத்துங்க. பட்டினி போடாதீங்க. பழைய அளவுக்கு மெதுவா வாங்க. ஒரு பதினெட்டு இருந்தாப் போதும் இதுக்கு இப்ப.”

பாலசுந்தரம் மனதில் கழித்தார். இருபத்தொன்று அறுநூறில் பதினெட்டு போனால் மூன்று கிலோ அறுநூறு.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஹரிதாவுக்குப் போன் செய்தார். இந்தத் தடவை எண்ணை அனுப்பவில்லை, நடந்ததை வரிசையாகச் சொன்னார்.

“புத்தூர்க் குட்டி எப்பிடி இருக்குதாம்?” என்று கடைசியில் கேட்டார்.

“எப்பவும் படுத்தே கிடக்குதாம் நைனா. ராஜா மாரி தூங்குதுன்னு சொல்லிக்கினு இருக்காரு.”

“தூக்கம் இல்ல அது. காலப் பாக்கச் சொல்லு, இன்னிக்கே.” சொல்லிவிட்டு, ஆட்டோவின் பின்சீட்டில் படுத்திருந்த ஜமீனின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தப்பான எடைக்கல்லை வைத்துக்கொண்டு சரியான சரக்கைக் குறைச்சல் என்று எழுதியிருக்கிறார். கிடங்கில் இந்தத் தப்பைச் செய்த ஒரு எடைக்காரனை அவரே 2009-ல் வேலையை விட்டு அனுப்பச் சொன்னார்.

சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு தாட்சாயணி வீட்டுக்குப் போனார். அவள் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்தவில்லை.

“இன்னா அண்ணா, இன்னும் எதுனா கொறையுதா?”

“இல்ல. கூடிப்போச்சி.”

“எவ்ளோ?”

“மூணு கிலோ அறுநூறு. காலு நொண்டுது.”

மிஷின் நின்றது. அவள் எழுந்து இரண்டு அடி வைத்து, அங்கேயே நின்றாள்.

“எந்தக் காலு?”

“எடது. முன்னாடி.”

“நாலு வாரமா ஒங்க ஊட்டு வழியாத்தான் போய்க்கினு வந்துக்கினு இருக்கேன். அது வாசல்ல படுத்துக்கினு இருக்கும்போதே நெனச்சேன். சொன்னா இதையும் நோட்டுல எழுதுவீங்க, வாய மூடிக்கினு போய்ட்டேன்.” முந்தானையால் கையிலிருந்த நூல் பிசிறைத் துடைத்தாள். “கூடினதுக்கு யாரு கையெழுத்து?”

அவர் அதற்குத்தான் வந்திருந்தார். நோட்டை அவளுடைய தார்க்கூடை மேல் விரித்தார். அவள் பெயருக்குக் கீழே, அவரே எழுதினார். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, வாய்விட்டுப் படியுங்கள் என்றாள். எதிர் வீட்டுக் கமலம்மா வாசலில் கோலம் போட வந்து நின்றிருந்தாள். தாட்சாயணி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, “கொஞ்சம் சத்தமா” என்றாள்.

“13.6.2024. ஜமீன். கூடுதல் 3 கிலோ 600. மே ஐந்தாம் தேதி எழுதிய குறைச்சல் தப்பு. தாட்சாயணி கையில் இருந்தவரை எடை சரி.” படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தோரு வருடத்தில் அந்த இடத்தில் அவர் போட்ட முதல் கையெழுத்து. கமலம்மா கோலத்தை மறந்து நின்றாள்.

“தேதி போட்டீங்களா?” என்றாள் தாட்சாயணி.

“போட்டேன்.”

“அப்ப நடங்க.”

வந்து முற்றத்தில் உட்கார்ந்து ஜமீனின் விலாவில் கையை ஓட்டினாள். அது அவள் மடியில் பாதி உடம்பை ஏற்றிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் தடவினாள். “இருக்குது அண்ணா. உள்ள எங்கியோ இருக்குது எலும்பு. தேடணும்.”

டாக்டர் சொன்ன ஆறு வாரமும் ஒரு நாளுக்கு ஒரு நாள் மாறாமல் போனது. தாட்சாயணி மறுபடி முக்கால் கப்புக்கு வந்தாள், சில நாள் அதற்கும் கொஞ்சம் கீழே. நோட்டில் எடை, தீனி என்று இருந்த இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘கை’ என்று மூன்றாவது கட்டம் வந்தது. ஞாயிறு காலையில் முதலில் பாலசுந்தரம் தடவிப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்துவைப்பார். பிறகு தாட்சாயணி தடவிச் சொல்வாள். பிறகு சீட்டைப் பிரிப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும். “நம்பிக்கை வரல இன்னும்” என்று அவள் ஹரிதாவிடம் சொல்வாள். “ஒன்மேல இல்லம்மா, என் கைமேல” என்பார் அவர்.

ஜூலை 28, ஞாயிறு. எடை இருபத்திரண்டு எழுநூறு. ஆறு வாரத்தில் ஒரே ஒரு கிலோவும் சொச்சமும்தான், ஆனால் ஜமீன் உயர்ந்திருந்தது, மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்ளே வாங்கியிருந்தது. வாசலிலிருந்து ரயில்வே கேட் வரை நடத்திக்கொண்டு போனார்கள். பாலசுந்தரம் முன்னால், ஹரிதா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தாட்சாயணி பின்னால் இடது காலை மட்டும் பார்த்துக்கொண்டு. நானூற்றுப் பன்னிரண்டு அடி. போகும்போது ஒரு முறையும் காலை எடுக்கவில்லை. திரும்பும்போது, வீட்டுக்கு அருகில், ஒரே ஒரு முறை லேசாக இழுத்தது போல இருந்தது என்றாள் தாட்சாயணி. இல்லை என்றாள் ஹரிதா. பாலசுந்தரம் இரண்டையும் எழுதினார்.

தகர டப்பாவை எடை போடுவதை அவர் விடவில்லை. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் டப்பா இருக்கவேண்டிய எடையைவிடச் சரியாக இருநூறு கிராம் அதிகமாக இருந்தது. தராசைச் சரிபார்த்தார். பழைய வேட்டியை விரித்தார். கவிழ்த்தார். தீனிக்கு நடுவே ‘ணங்’ என்று ஒன்று விழுந்தது. இருநூறு கிராம் எடைக்கல், தாட்சாயணி தாருக்கு நூல் நிறுக்க வைத்திருப்பது.

அவர் அதை எடுத்துத் தராசில் வைத்தார். இருநூறு சரியாக இருந்தது. நோட்டை விரித்து எழுதினார்: ‘டப்பாவில் கூடுதல் 200 கிராம். காரணம்: தாட்சாயணி.’ கொஞ்சம் யோசித்து, கீழே கோடு போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டார்.